தும்மலும் காக்காய்க் கடியும்

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எச்சில் என்றால் என்னவென்று யாரும் உட்கார வைத்துப் பாடம் எடுப்பதில்லை. மூன்று வயதிலேயே சொம்பை உதட்டில் வைக்காமல் தூக்கிக் குடிக்கப் பழகிவிடுகிறார்கள். பாதித் தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போகும். போனாலும் பரவாயில்லை, வாய் மட்டும் வைக்கக் கூடாது. கடித்த முறுக்கைத் திரும்ப டப்பாவில் போட்டால் வீட்டில் சத்தம் கிளம்பும். சாப்பிடுகிற கையால் குழம்புக் கரண்டியைத் தொட்டால் அம்மாயி தட்டிவிடுவார். இத்தனை கெடுபிடியில் வளர்கிற பிள்ளை, மூடாத சோற்றுப் பாத்திரத்துக்கு நேராக நின்று தும்மினால் மட்டும் ‘நூறாயுசு’ என்று வாழ்த்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். சொம்பில் வாய் வைத்தால் ஒட்டுவது எச்சில் என்றால், தும்மும்போது தெறிப்பதும் அதே எச்சில்தான். கூடவே மூக்குச் சளியும் சேர்ந்து வருகிறது. முதலாவதற்கு இவ்வளவு ஒழுங்கு வைத்திருக்கும் நாம் இரண்டாவதை விட்டுவிட்டதற்குக் காரணம், அது கண்ணுக்குத் தெரியாததுதான். கண்ணுக்குக் காட்டிவிட்டால் நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஏனென்றால் அதற்கான அடிப்படை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அவிநாசிப் பக்கம் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் என் பொறுப்பு. பெற்றோரில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் தறிக்குடோன், கோழிப்பண்ணை, தோட்டத்து வேலை. ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுக ஆரம்பிக்கும். அந்த வாரக் கடைசிக்குள் பக்கத்தில் உட்கார்ந்த நாலு பேருக்கு வந்துவிடும். அடுத்த வாரம் வீட்டில் இருக்கிற கைக்குழந்தைக்கு, அப்புறம் தாத்தாவுக்கு. கைக்குழந்தைக்கு இழுப்பு வந்தால் அம்மா வேலைக்குப் போக முடியாது. சளிதானே என்று நாம் சொல்வது அந்த வீட்டில் ஒரு வாரச் சம்பளம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது இயல்பு என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ரைனோ வைரஸ் என்கிற சளிக் கிருமியில் மட்டும் 150க்கு மேற்பட்ட வகை இருக்கிறது. அதனால் சளியே வராமல் ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது. வந்த சளி அடுத்த பிள்ளைக்குப் போகிற வேகத்தைக் குறைக்கலாம். அதைத்தான் கற்றுத்தர முடியும், அதுவே பெரிய காரியம்.

பல பள்ளிகளில் தும்மியதும் ‘எக்ஸ்கியூஸ் மீ’ சொல்லப் பழக்குகிறார்கள். சொல்லட்டும், தவறில்லை. ஆனால் அது தும்மி முடித்த பிறகு வருகிற வார்த்தை. தும்மலுக்கு முன்னால் வருகிற அரை நொடியில் பிள்ளையின் கை எங்கே போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

காக்காய்க் கடி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒரே ஒரு கடலை மிட்டாய், தின்ன ரெண்டு பேர். மிட்டாயைச் சட்டை நுனிக்குள் வைத்துச் சுற்றி, துணிக்கு மேலே பல்லை வைத்து ‘கடக்’ என்று கடித்து, துண்டானதைச் சினேகிதனுக்குக் கொடுப்பது. எச்சில் படாமல் பங்கு போட நம் பிள்ளைகள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. இடைவேளையில் ஒரு பையன் அப்படிக் கடித்துக்கொண்டிருந்தான். சட்டை நுனியில் ஈரமாக ஒரு வட்டம், அதில் ரெண்டு பல்லின் தடம். மணி அடித்து எல்லோரும் உள்ளே வந்ததும் அவனையே கேட்டேன்.

“எதுக்குக் கண்ணு சட்டைக்குள்ள வெச்சுக் கடிச்சே?”

“எச்சி பட்டுருமுங் டீச்சர்.”

“இப்ப எச்சி எங்க போச்சு?”

சட்டை நுனியைத் தூக்கிக் காட்டினான். “இதுல புடிச்சுக்கிச்சுங்.”

“சரி, தும்மறப்ப எச்சி வருமா வராதா?”

“வருமுங்.”

“அத எது புடிச்சுக்கும்?”

வகுப்பு கொஞ்ச நேரம் யோசித்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி தன் சட்டைக் கையைத் தொட்டுக் காட்டினாள். “இதுங்களா டீச்சர்?” அவ்வளவுதான், நான் எதுவும் சொல்ல வேண்டி இருக்கவில்லை. அன்றைக்கே அதற்குக் ‘காக்காத் தும்மல்’ என்று பெயரும் அவர்களே வைத்துவிட்டார்கள். இப்போது யாராவது மூக்கைச் சுருக்கி அண்ணாந்தால் பக்கத்துப் பிள்ளை “காக்கா, காக்கா!” என்று நினைவுபடுத்துகிறது.

முழங்கை மடிப்பில் தும்ம வேண்டும் என்று சுவரொட்டிகளில் படம் போடுகிறார்கள். அந்தப் படத்தில் இருக்கிற பிள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருக்கும். நம் பிள்ளைகளின் சீருடை அரைக்கை. முழங்கை மடிப்பில் தும்மினால் சளி வெறும் தோலில்தான் படும், துணியில் இல்லை. அதனால் நான் கொஞ்சம் மேலே போகச் சொல்கிறேன். கையைத் தூக்கி, முகத்தைத் தோள் பக்கம் திருப்பி, அரைக்கைத் துணியில் மூக்கையும் வாயையும் நன்றாக அழுத்த வேண்டும். இன்னொரு வழி, சட்டையின் கழுத்தைத் தூக்கி அதற்குள் முகத்தை விட்டுத் தும்முவது. சின்னவர்களுக்கு இதுதான் சுலபமாக வருகிறது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் துளி அதிகம் வெளியே வராது. துணி இல்லாத நேரத்தில் முழங்கை மடிப்பே போதும். உள்ளங்கையைவிட அது எவ்வளவோ மேல்.

உள்ளங்கை ஏன் கூடாது என்பதுதான் பிள்ளைகளுக்குப் புரியவைக்கக் கடினம். ‘வாயைக் கையால் பொத்து’ என்று நாமே பழக்கியிருக்கிறோம். இதற்கு ரோஸ் கலர் சாக்பீஸை இடித்துத் தூளாக்கி வைத்துக்கொண்டேன். (மஞ்சள் தூளில் செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் வெள்ளைச் சட்டையில் பட்டால் கறை போகாது, பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?) ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அந்தத் தூளைத் தடவிவிட்டு, ‘நீ இப்போ கையில தும்மிட்டே, போய் எப்பவும் போல விளையாடு’ என்று அனுப்பினேன். கால் மணி நேரம் கழித்து எல்லோரும் சேர்ந்து ரோஸ் நிறத்தைத் தேடினோம். கதவுத் தாழ்ப்பாளில் இருந்தது. குழாய்த் திருகில் இருந்தது. ரெண்டு பேரின் பென்சிலில், ஒருவனின் கன்னத்தில், தண்ணீர்ப் பாட்டில் மூடியில், என் சேலை முந்தானையில். கடைசியாக ஒரு பையனின் கண்ணோரத்தில் ஒரு கீற்று. அவன் கண்ணைக் கசக்கியிருக்கிறான். சளிக் கிருமி உடம்புக்குள் போகிற வழிகளில் ஒன்று அது: கையில் இருந்து கண்ணுக்கும் மூக்குக்கும். ஃப்ளூ கிருமி ஸ்டீல், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிரோடு இருக்க முடியும் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். தாழ்ப்பாளில் இருந்த ரோஸைப் பார்த்த பிறகு கை கழுவச் சொல்லி நான் யாரையும் விரட்டவில்லை. வரிசை தானாக நின்றது. 20 நொடி சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். எங்கள் வகுப்பில் அந்த நேரத்தை அளக்க இரண்டாம் வாய்ப்பாட்டை மெதுவாக ஒப்பிக்கிறார்கள்.

காற்றில் பறப்பதைக் காட்டுவதற்கு எங்கள் பழைய கட்டடமே உதவியது. ஓட்டுக் கட்டடம், நடுவில் ஒரு கண்ணாடி ஓடு. பத்து மணிக்கு மேல் அதன் வழியாக வெயில் சரிவாகத் தரைக்கு இறங்கும். அந்த ஒளியில் தூசி மிதப்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறவர்கள்தான். ஜன்னல்களைச் சாத்தி அறையை இருட்டாக்கி, துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலால் அந்த வெளிச்சத்துக்குள் ஒரு தடவை அடித்தேன். பெரிய துளிகள் உடனே விழுந்து தரையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. சின்னவை விழவில்லை. புகைபோல நின்று, மெதுவாகச் சுழன்று, கடைசி வரிசைப் பக்கம் நகர்ந்தன. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் தாமாகவே சட்டைக் கழுத்தைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டார்கள். அப்புறம் ஜன்னல்களைத் திறந்துவிட்டு மறுபடி அடித்துக் காட்டினேன். இந்தத் தடவை காற்று அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இந்த ரகசியத்தை உலகம் அறிந்து ரொம்பக் காலம் ஆகிவிடவில்லை. 1890களின் கடைசியில்தான் ஜெர்மனியின் கார்ல் ஃப்ளூகே என்ற மருத்துவர், இருமலிலும் பேச்சிலும்கூடத் தெறிக்கும் துளிகளில் கிருமிகள் போவதைச் சோதனை செய்து காட்டினார். தும்மலில் கிளம்பும் ஈரக்காற்று மேகம் 7, 8 மீட்டர் வரை போக முடியும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லிடியா பூருயிபா 2020இல் எழுதினார். எங்கள் வகுப்பறையின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் இருக்கக்கூடியது. சட்டைக் கை இந்த நுண்துளிகள் எல்லாவற்றையும் பிடித்துவிடாது, ஓரத்தில் கசியும். அதனால்தான் ஜன்னல் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நோட்டுப் பக்கங்களைப் புரட்டி எறிகிற காலத்தில்கூட ஜன்னலைத் திறந்து வைக்கிறோம், மார்கழிக் குளிரில் சாத்திவிடுகிறோம். மார்கழியில்தான் திறக்க வேண்டும். குளிருகிற பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டுவிடலாம்.

அடுத்தது கைக்குட்டை. பள்ளியில் சேர்த்த முதல் நாள் பிள்ளையின் நெஞ்சில் ஊக்குக் குத்தி ஒரு கைக்குட்டையைத் தொங்கவிடுகிற பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதைச் சாயங்காலம் நான்கு மணிக்குக் கழற்றிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் காய்ந்து மொறமொறவென்று ஆகிவிட்ட சளி. இன்னொரு ஓரத்தில் மதியச் சாம்பாரின் மஞ்சள். நடுவில் ஈரம், வேர்வையா தண்ணீரா தெரியாது. அதே துணியால் காலையில் மூக்கு, மதியம் வாய், மாலையில் கண். வீட்டுக்குப் போனதும் அது துவைக்கப் போகுமா, அடுத்த நாள் அப்படியே குத்தப்படுமா என்பது அம்மாவின் ஷிப்டைப் பொறுத்தது. கைக்குட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்று போதாது. மூக்குக்கு ஒன்று, கை துடைக்க ஒன்று, ரெண்டும் வேறு வேறு நிறம். தினமும் சோப்புப் போட்டு, வெயிலில் காய வேண்டும்.

டிஷ்யூ பேப்பர் வாங்கித் தருவது எங்கள் பெற்றோரால் ஆகிற காரியம் இல்லை. ஆனால் நம் ஊரில் வேறொன்று கிலோக்கணக்கில் கிடக்கிறது, பனியன் கட்டிங் வேஸ்ட். கட்டிங் செக்ஷனில் வேலை பார்க்கிற ஓர் அப்பாவிடம் கேட்டபோது வெள்ளைத் துணியாகப் பார்த்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அதை ஒரு தடவை அலசிக் காயவைத்து, உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம். பருத்தித் துணி, மெத்தென்று இருக்கும், ஈரத்தை நன்றாக உறிஞ்சும். மூக்கைத் துடைத்ததும் மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிட வேண்டும், பையில் வைக்கக் கூடாது. வீட்டில் செய்வதானால் தாத்தாவின் பழைய வேட்டி போதும்.

மூக்கைச் சீந்தவும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. நிறையப் பிள்ளைகளுக்கு உறிஞ்ச மட்டும்தான் தெரியும். உள்ளங்கையில் ஒரு துணுக்குப் பஞ்சை வைத்து, வாயை மூடிக்கொண்டு மூக்குக் காற்றாலேயே அதைப் பறக்கவிடச் சொன்னால் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் ஒரு பக்க மூக்கை மூடி, மறுபக்கம் மெதுவாகச் சீந்த வேண்டும். ரெண்டையும் ஒன்றாகப் பலமாகச் சீந்தினால் சளி காதுக் குழாய்ப் பக்கம் ஏறிக்கொள்ளும்.

தும்மலை அடக்கச் சொல்லித்தரக் கூடாது, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வீட்டில் யாராவது வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் போட்டால் சகுனம் சரியில்லை என்று திட்டு விழும். அதற்குப் பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க அடக்குகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் 34 வயதுக்காரர் ஒருவர் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்தித் தும்மலை அடக்கியதில் தொண்டையின் உட்புறம் கிழிந்து மருத்துவமனையில் சேர்ந்தார் என்று 2018இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனாலும் தும்மலும் இருமலும் உடம்பு தன்னைச் சுத்தம் செய்துகொள்கிற வேலை. அதை நிறுத்த வேண்டியதில்லை, திருப்பிவிட்டால் போதும். இருமலை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்கிற அவசரத்தில்தான் கடையில் தானாகச் சிரப் வாங்கிச் சின்னப் பிள்ளைக்கு ஊற்றுகிறோம். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் இறந்ததை எல்லோரும் படித்தோம். ரெண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து கொடுக்க வேண்டாம் என்பதுதான் அரசின் அறிவுரையும்.

இனி வீட்டுப் பெரியவர்கள். பேத்தியின் மூக்கைத் துடைப்பதற்கு அம்மாயியின் முந்தானைதான் எப்போதும் முதலில் வருகிறது. அந்தக் கையின் பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே முந்தானை அடுத்த பேரனின் வாயையும் துடைக்கிறது, அப்புறம் சாப்பாட்டுத் தட்டையும் துடைக்கிறது. ஒரு நாள் ஓர் அம்மாயி பள்ளிக் கேட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏனுங் டீச்சர், எங்க புள்ள என்னமோ காக்காத் தும்மல்னு சொல்றா. என்ற முந்தானையில மூக்கு வெக்கவே மாட்டேங்கறா. நான் துடைக்கக் கூடாதுங்களா?”

“நீங்கதாங்க அம்மா துடைக்கணும். அவளுக்குன்னு ஒரு துணி மட்டும் இடுப்புல சொருகி வெச்சுக்கங்க.”

“அவ்வளவுதானுங்களா? நான் என்னமோன்னு நெனச்சேன்” என்றவர், அப்புறம் தானாகவே சொன்னார்: “அம்மை வாத்தா நாங்க துணி, தட்டு, பாய் எல்லாம் தனியாத்தானுங் வெப்போம்.”

அவர் சொன்னதை நான் அடிக்கடி எடுத்துப் பேசுகிறேன். நம் பக்கம் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் அசலார் யாரும் உள்ளே போக மாட்டார்கள். படுத்திருப்பவருக்குப் பாய் தனி, பாத்திரம் தனி. ஆனால் அந்தப் பிள்ளையை ஒருவரும் முகம் சுளித்துப் பார்ப்பதில்லை. மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று மரியாதையோடுதான் பேசுவார்கள். நோயைத் தள்ளி வைத்து, ஆளைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். தட்டம்மைக்கு அது மட்டும் போதாது. 9 மாதம் முடிந்ததும் ஒரு ஊசி, ஒன்றரை வயதுவாக்கில் இன்னொரு ஊசி, ரெண்டும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம், கட்டாயம் போட வேண்டும். ஆனால் அந்த மரியாதை நமக்கு இன்னும் வேண்டும்.

ஏனென்றால் எச்சிலைச் சொல்லிப் பாடம் நடத்தும்போது ஒரு பயம் எனக்கு எப்போதும் உண்டு. இரட்டைக் குவளை வைத்து டீ கொடுத்த கடைகள் இருந்த மண் இது. எச்சில் என்பதை ஆள் மேல் ஏற்றி, இன்னார் தொட்டது ஆகாது, இன்னார் குடித்ததில் குடிக்கக் கூடாது என்று பிரித்து வைத்த பழக்கம் எங்கேயோ தூரத்தில் இல்லை. பிள்ளைகள் அதை வீட்டில் இருந்து வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். அதில் ஒருவனுக்கு மூக்கு ஒழுகியபோது ‘சளிக்காரன்’ என்று பேர் வைத்து அவன் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். இதே வகுப்பில் மற்ற மூக்குகள் ஒழுகியபோது அந்தப் பேர் வரவில்லை. அன்றைக்குக் கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு இதைத்தான் பேசினேன். எச்சில் எல்லோருடையதும் ஒன்றுதான், டீச்சருடையதும் எச்சில்தான். கிருமி யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் ஒரு விதி. ‘துணியில தும்மு’ என்று செய்ய வேண்டியதைச் சொல்லலாம். ஆளுக்குப் பேர் வைக்கக் கூடாது. அந்தப் பையனுக்கு டப்பாவில் இருந்து முதல் துணியை எடுத்துக் கொடுத்தது அவன் பக்கத்தில் உட்கார மறுத்த அதே பிள்ளைதான்.

இருமலுக்கும் வெட்கத்துக்கும் இருக்கிற தொடுப்பு பெருந்துறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிற இடத்தைப் பழைய ஆட்கள் இப்போதும் சானடோரியம் என்றுதான் சொல்வார்கள். காசநோயாளிகளை ஊரைவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்த இடம் அது. அங்கே ஒருவர் போய்வந்தார் என்றால் அந்த வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் சேர்த்ததற்குச் சமமாகக் குணமாகிறது, கூட இருக்கிற குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடிவிடுவதில்லை என்று 1959இல் காட்டியது. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உலகம் முழுக்க காசநோய்ச் சிகிச்சையை மாற்றிய ஆராய்ச்சி, நம் மாநிலத்தில் நடந்தது. அப்படியும் ரெண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் இன்னும் தயங்குகிறார்கள். சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை. இருமுகிறவரை ஒதுக்கிப் பழக்கிய ஊரில் இருமுகிறவர் மறைக்கத்தான் செய்வார். பிள்ளைகளிடம் ‘சீ’ என்று சொல்லிப் பாடம் நடத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லா இருமலும் தொற்றுகிற இருமல் அல்ல என்பதையும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். தறி ஓடுகிற அறையை ஒட்டிப் படுத்துத் தூங்குகிற பிள்ளைக்குப் பஞ்சுத் தூசியால் வருடம் பூராவும் இருமல் இருக்கும். அதை வீட்டுக்கு அனுப்பிப் பலனில்லை, மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

ஒரு விஷயத்தில் பள்ளிகளோடு எனக்குச் சண்டை உண்டு. வருடம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கிற பழக்கம். காய்ச்சலில் கண் சிவந்து, பெஞ்சில் தலை சாய்த்துக் கிடக்கிற பிள்ளையிடம் ‘ஏன் சாமி வந்தே?’ என்றால் ‘பரிசு போயிருமுங் டீச்சர்’ என்கிறது. அந்தப் பரிசை நிறுத்த வேண்டும் என்று நான் பேசாத கூட்டம் இல்லை. இந்த வருடம் எங்கள் பள்ளியில் நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாகப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டோம். காய்ச்சல் இருந்தால் அனுப்ப வேண்டாம். மருந்து இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அப்புறம் அனுப்புங்கள். வெறும் மூக்கு ஒழுகல் என்றால் ரெண்டு துணி கொடுத்து அனுப்புங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு வயதில் இருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேகம்தான், எண்ணிப் பாருங்கள்.

செய்தி போன அரை மணி நேரத்தில் ஓர் அம்மா கூப்பிட்டார். “நீங்க சொல்றது நல்லதுதானுங் டீச்சர். அவரு நைட் ஷிப்டு, நான் பகல் ஷிப்டு. மாமியாரும் இல்லைங்க. லீவு போட்டா பீஸ் ரேட்டுல ஒண்ணுமே கெடைக்காது. வீட்டுல வெச்சு யாருங் பாத்துக்கறது?”

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இரவு வேலை முடித்து வந்த அப்பா தூங்கிக்கொண்டிருந்தாலும் வீட்டில்தானே இருக்கிறார், காய்ச்சல் உள்ள முதல் நாளாவது அவரோடு இருக்கட்டும் என்று கேட்டேன். பக்கத்து லைன் வீட்டில் ஒரு பாட்டியம்மா இருக்கிறார், அவரிடமும் நாம் சேர்ந்து பேசலாம் என்றேன். அதுவும் ஆகாத நாளில் அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். வராண்டாவை ஒட்டி, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்து வைத்திருக்கிறோம். அங்கே படுத்திருக்கிற பிள்ளையைத் தண்டனை அனுபவிக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதால், கதைப் புத்தகப் பெட்டியையும் அந்தப் பாய்ப் பக்கத்துக்கே மாற்றிவிட்டேன்.